ரோட்டில் நிறுத்தி முகத்தைப் படம் பிடிக்கலாமா?

கேள்வி: வக்கீல் சாருக்கு வணக்கம். உசிலம்பட்டிப் பக்கம் ஐந்தாறு ஊர்களில் காய்கறி வாங்கி, ராத்திரியோடு ராத்திரியாக மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் கொண்டுபோய் இறக்குவது என் தொழில். போன மாதம் ஒருநாள் ராத்திரி ஒன்றரை மணிக்கு வாகனச் சோதனையில் என் லோடு வண்டியை நிறுத்தினார்கள். லைசென்ஸ், ஆர்.சி. புக், இன்சூரன்ஸ் எல்லாம் காட்டினேன். சரியாக இருந்தது. அப்புறம் ஒரு காவலர் தன் செல்போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்துப் படம் எடுத்தார். கொஞ்ச நேரம் போனையே பார்த்தார். "சரி, கிளம்பு" என்றார். ஏன் எடுத்தார், அந்தப் படம் எங்கே போனது, ஒன்றும் தெரியவில்லை.

வீட்டில் சொன்னால், ரிட்டயர்ட் ஏட்டான என் மச்சினன் "தப்புப் பண்ணாதவனுக்கு என்ன பயம்?" என்கிறான். சட்டக் கல்லூரியில் படிக்கும் மகள் "இது அரசியல் சட்டத்துக்கே விரோதம்ப்பா" என்கிறாள். எங்கள் வியாபாரிகள் சங்கத்தில் எம்.பி.யைப் பார்த்து மனு கொடுக்கலாம் என்று பேச்சு. போலீஸுக்கும் வேலை நடக்க வேண்டும், எங்களுக்கும் மானம் இருக்க வேண்டும் என்றால் சட்டத்தில் என்ன இருக்க வேண்டும் என்று கேட்பது? இன்னொன்று, அன்றிலிருந்து என் போனில் கரகரவென்று சத்தம் வருகிறது. ஒட்டுக்கேட்கிறார்களா? (பெயர் வேண்டாம்.)

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். கரகரப்புக்குக் காரணம் டவராக இருக்கும், இல்லையென்றால் போனில் தண்ணீர் இறங்கியிருக்கும். அரசு ஒரு போனை ஒட்டுக்கேட்டால் அந்த வேலை தொலைத்தொடர்பு நிறுவனத்தின் கருவிகளில் நடக்கும். உங்கள் காதில் ஒரு சின்னச் சத்தம்கூட விழாது. அதில் இருக்கிற சங்கடமே அதுதான், பின்னால் வருகிறேன்.

இப்போது ரோட்டுக்கு வருவோம். தமிழ்நாடு காவல்துறையிடம் முகத்தை வைத்து ஆளை அடையாளம் காணும் மென்பொருள் 2021 அக்டோபரிலிருந்து இருக்கிறது. காவலர் போனில் எடுக்கும் படத்தை, காவல்துறைக் கணினியில் இருக்கும் குற்றவாளிகள், காணாமல் போனவர்கள் ஆகியோரின் படங்களோடு அது ஒப்பிட்டுப் பார்க்கும். அன்றைக்கு நடந்தது அநேகமாக இதுதான். இதில் நன்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. வீட்டை விட்டுப் போன பிள்ளையையோ, ஞாபகமறதி வந்து வழி தவறிய பெரியவரையோ கண்டுபிடிக்க இது உதவினால் யார் வேண்டாம் என்பார்கள்?

ஆனால் வழியில் போகிற ஒருவரை நிறுத்தி முகத்தைப் படம் பிடித்து ஒப்பிட எந்தச் சட்டம் அனுமதிக்கிறது என்று கேட்டால் பதில் வராது. முக அடையாளத்துக்கென்று நாடாளுமன்றமும் தனிச் சட்டம் போடவில்லை, நம் சட்டமன்றமும் போடவில்லை. இருப்பது 2022ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம். அதன்படி தண்டனை பெற்றவர், கைதானவர், நன்னடத்தைக்குப் பிணை கொடுக்க உத்தரவானவர் போன்றோரிடம் கைரேகை, கருவிழி, புகைப்படம் எல்லாம் எடுக்கலாம். மற்றவரிடம் எடுக்க வேண்டுமென்றால் மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். கத்தரிக்காய் மூட்டையோடு மார்க்கெட்டுக்குப் போனவர் இந்தப் பட்டியலில் எங்கேயும் வரமாட்டார். போலீஸ் சொல்வதற்குக் கட்டுப்பட வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 172ஆம் பிரிவு சொல்கிறதே என்று உங்கள் மச்சினர் மடக்கலாம். அந்தப் பிரிவு சொல்வது 'சட்டப்படியான' கட்டளைக்குத்தான். சட்டம் எங்கே என்ற கேள்வி அங்கேயும் அப்படியே நிற்கிறது.

உங்கள் மகள் சொல்வதில் பாதி சரி. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அதனால் அரசு யாரையும் பார்க்கவே கூடாது என்று ஆகிவிடவில்லை. பார்ப்பதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டக் கூடாது, துஷ்பிரயோகத்தைத் தடுக்க ஏற்பாடு இருக்க வேண்டும் என்பதுதான் அந்தத் தீர்ப்பிலிருந்து நாங்கள் நீதிமன்றத்தில் எடுத்து வைக்கிற கணக்கு. உங்களைப் படம் எடுத்த காரியம் முதல் படியிலேயே தடுக்கி விழுகிறது.

'தப்புப் பண்ணாதவனுக்கு என்ன பயம்' என்ற பேச்சுக்கு வருகிறேன். உசிலம்பட்டிப் பக்கத்து ஆள் இதைக் கேட்டுச் சும்மா இருக்க முடியாது. நானும் அந்தப் பக்கம்தான். வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு சட்டம் இருந்தது, எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அதை ரேகைச் சட்டம் என்பார்கள். புத்தகத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம். 1871இல் வட இந்தியாவில் தொடங்கியது, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது, அடுத்த சில ஆண்டுகளில் பிரமலைக் கள்ளர் ஊர்களின் மேல் இறங்கியது. ஆண்பிள்ளைகள் கைரேகை பதிய வேண்டும். ஊரை விட்டுப் போனால் சீட்டு வாங்க வேண்டும். ராத்திரி போலீஸ் சொன்ன இடத்தில் படுக்க வேண்டும். என் தாத்தா கல்யாணமான புதிதில் வீட்டில் படுக்க முடியாமல் சாவடியில் படுத்ததைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். பாட்டி சிரித்து நான் பார்த்ததில்லை. தாத்தா என்ன தப்புப் பண்ணினார்? பிறந்தார், அவ்வளவுதான்.

1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஊர் இன்றைக்கும் 16 பேரைத் தியாகிகளாக வணங்குகிறது, அதில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். அந்தச் சட்டத்தை எதிர்த்து இந்த மக்களுக்காக வாதாடிய மதுரை வக்கீல் ஜார்ஜ் ஜோசப்பை நம் ஆட்கள் 'ரோசாப்பூ துரை' என்று கொண்டாடினார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது 1947இல்தான்.

பழங்கதை பேசவில்லை. அந்தச் சட்டம் எப்படிக் கட்டப்பட்டிருந்தது என்று பாருங்கள். முதலில் ஒரு கூட்டத்தையே கண்காணிப்பில் வைத்துவிட்டு, அப்புறம் அதற்குள் குற்றவாளியைத் தேடினார்கள். இன்னாரை இன்ன காரணத்துக்காகச் சந்தேகப்படுகிறோம் என்று யாரும் எழுத வேண்டியிருக்கவில்லை. அதைவிடப் பெரிய விஷயம், அரசு வெளியிட்ட அறிவிப்பு செல்லுமா என்று எந்த நீதிமன்றமும் கேட்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். கண்காணிப்பு அதிகாரம் தரும் எந்தப் புது மசோதாவைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது இந்த இரண்டு இடத்தைத்தான். சந்தேகம் முன்னால் வருகிறதா, கேமரா முன்னால் வருகிறதா? கையெழுத்துப் போடுகிறவர் யார்?

முதல் கேள்வி உங்கள் ரோட்டுச் சோதனைக்கு அப்படியே பொருந்தும். அன்று வந்த வண்டிகளில் உங்களை ஏன் படம் எடுத்தார்கள்? காரணம் எழுதப்படவில்லை என்றால், காவலரின் கண்ணுக்கு எவன் 'ஒரு மாதிரி' தெரிகிறானோ அவன் முகம்தான் மிஷினுக்குள் போகும். ஏசி காரில் வருகிறவர் முகம் போகாது, லுங்கி கட்டி லோடு வண்டி ஓட்டுகிறவர் முகம் போகும். 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் ரவுடிப் பட்டியல் பற்றிய ஒரு டெல்லி வழக்கில், பின்தங்கிய, ஒடுக்கப்பட்ட சமூகத்து இளைஞர்கள் பெயரை எந்திரத்தனமாகச் சேர்க்கிற வழக்கம் இருக்கிறதா என்று எல்லா மாநிலங்களும் பார்க்க வேண்டும் என்று சொன்னது. நூறு வருஷத்துக்கு அப்புறமும் சொல்ல வேண்டியிருக்கிறது.

மிஷின் தப்பே செய்யாது என்றும் நினைக்க வேண்டாம். டெல்லி காவல்துறை, தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது, 80 சதவீதம் ஒத்துப்போனால் பொருந்தியதாக எடுத்துக்கொள்கிறோம் என்று பதில் கொடுத்தது. மிச்சம் 20 சதவீதத்தில் எந்தத் தம்பி, எந்தச் சித்தப்பா மகன் ஜாடை மாட்டும் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது கேள்விக்குத்தான் மனுவில் அதிக இடம் கொடுக்கச் சொல்வேன். போன் ஒட்டுக்கேட்பை வைத்துச் சொன்னால் நன்றாக விளங்கும், அதில்தான் நமக்கு நீண்ட அனுபவம் இருக்கிறது. 1885ஆம் வருஷத்துத் தந்திச் சட்டத்தை வைத்துக்கொண்டு ரொம்ப காலம் இஷ்டத்துக்குக் கேட்டார்கள். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடிவாளம் போட்டது. உள்துறைச் செயலர் உத்தரவு வேண்டும், உத்தரவு இரண்டு மாதம்தான் செல்லும், நீட்டித்தாலும் மொத்தம் ஆறு மாதம், ஒரு மறுஆய்வுக் குழு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்றது. நீதிபதி முன்கூட்டி அனுமதி தர வேண்டும் என்றும் அந்த வழக்கில் கேட்டார்கள். சட்டத்தில் இல்லாததை நாங்கள் எப்படிச் சேர்ப்பது என்று நீதிமன்றம் அதைச் செய்யவில்லை. அதாவது பந்தை நாடாளுமன்றத்திடம் போட்டது.

நாடாளுமன்றம் என்ன செய்தது? 2023 டிசம்பரில் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. எதிர்க்கட்சி எம்.பி.க்கள் பலர் இடைநீக்கத்தில் வெளியே இருந்த கூட்டத்தொடரில், குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. அதிலும் நீதிபதி இல்லை. 2024 டிசம்பரில் வந்த விதிகளிலும் உத்தரவு போடுபவர் அரசுச் செயலர், சரிபார்க்கும் குழுவில் இருப்பவர்களும் அரசுச் செயலர்கள். மத்தியில் கேபினட் செயலர் தலைமை, மாநிலத்தில் தலைமைச் செயலர் தலைமை. அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கடைக் கணக்கை எழுதுகிறவரும் ஆடிட் பண்ணுகிறவரும் ஒரே முதலாளியிடம் சம்பளம் வாங்கினால் உங்கள் சங்கத்தில் ஒத்துக்கொள்வீர்களா?

அந்தக் குழுவால் படிக்கத்தான் முடிகிறதா என்பதையும் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும் மத்தியக் குழுவின் முன்னால் ஒவ்வொரு முறையும் 15,000 முதல் 18,000 உத்தரவுகள் வந்து நிற்கின்றன, இது நடக்காத காரியம் என்று, தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்காக அரசே அமைத்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018இலேயே எழுதியது. நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சாப்பாட்டுக்கும் எழுந்திருக்காமல் எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் 28,800 விநாடி. 15,000 உத்தரவு என்றால் ஒன்றுக்கு இரண்டு விநாடிகூட இல்லை. தக்காளிக் கூடையில் அழுகலைப் பொறுக்குகிற உங்கள் ஆள்கூட ஒரு கூடைக்கு அதைவிட நேரம் எடுப்பார்.

ஆதாரிலும் இதே கதை. தேசப் பாதுகாப்பு என்று சொல்லி இணைச் செயலர் அந்தஸ்தில் இருப்பவர் உத்தரவிட்டால் ஆதார் விவரத்தைத் தரலாம் என்று சட்டத்தில் இருந்தது. 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை அடித்தது. அதைவிட உயர்ந்த அதிகாரி வேண்டும், கூடவே நீதித்துறையைச் சேர்ந்த ஒருவரும் வேண்டும், உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தால் நல்லது என்றது. 2019 திருத்தத்தில் 'இணைச் செயலர்' என்ற சொல்லை எடுத்துவிட்டுச் 'செயலர்' என்று போட்டார்கள். நீதிபதியை விட்டுவிட்டார்கள்! நீதிமன்றம் சொன்னதில் தங்களுக்குத் தோதான பாதியை மட்டும் எடுத்துக்கொள்வது எப்படி என்று சட்டக் கல்லூரியில் பாடமாகவே வைக்கலாம்.

ராத்திரி மூன்று மணிக்கு நீதிபதியை எங்கே தேடுவது என்று மச்சினர் கேட்பார், கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் ரிமாண்டுக்கு நாங்கள் போவதில்லையா? ஆளைப் பிடித்த 24 மணி நேரத்துக்குள் ஆஜர்படுத்தியாக வேண்டுமென்பதால் நள்ளிரவில் மாஜிஸ்திரேட் வீட்டு வாசலில் எஸ்.ஐ.யும் நானும் கொசுக்கடியில் நின்ற ராத்திரிகள் எத்தனையோ. வராந்தா விளக்கைப் போட்டு, கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, பிடிபட்டவனைப் பார்த்து "அடித்தார்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். மச்சினரும் சர்வீஸில் இருந்தபோது அப்படி நின்றிருப்பார். நிஜமாகவே அவசரம் என்றால் முதலில் தொடங்கிவிட்டு 48 மணி நேரத்துக்குள் நீதிபதியிடம் ஒப்புதல் வாங்கட்டும், ஒப்புதல் கிடைக்காவிட்டால் பதிவை அழிக்கட்டும் என்று மனுவில் எழுதலாம். அமெரிக்காவில் 1968இலிருந்தே குற்ற வழக்கு ஒட்டுக்கேட்புக்கு நீதிபதி உத்தரவு வேண்டும். பிரிட்டனில் 2016 சட்டப்படி அமைச்சர் கையெழுத்துப் போட்டாலும் நீதித்துறை ஆணையர் ஒருவர் ஒத்துக்கொண்டால்தான் செல்லும். அந்த ஊர்களில் போலீஸ் வேலை நின்றுவிடவில்லை.

அடுத்து, கண்காணிக்கப்பட்டவருக்கு ஒருநாள் சொல்ல வேண்டும். நடக்கும்போது சொன்னால் காரியம் கெட்டுவிடும், அது நியாயம். விசாரணை முடிந்து ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்தாவது 'இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை உங்கள் போன் கேட்கப்பட்டது' என்று ஒரு கடிதம் வர வேண்டும். இப்போது அப்படி ஒரு விதி கிடையாது. தெரியாத தவறுக்கு யார் வழக்குப் போட முடியும்? 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு லஞ்ச வழக்கில் துப்புத் துலக்க 2011இல் போட்ட ஒட்டுக்கேட்பு உத்தரவை ரத்து செய்தது. பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்போ இல்லாமல் குற்றம் கண்டுபிடிப்பதற்காக மட்டும் கேட்கச் சட்டத்தில் இடமில்லை என்றது. பதிவுகளையும் பயன்படுத்தக் கூடாது என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் வழக்கில் சிக்கியதால்தான் அவருக்கு விஷயமே தெரிந்தது. வழக்கே இல்லாதவர் கடைசிவரை ஒன்றும் தெரியாமல் இருப்பார். அந்தத் தீர்ப்புக்குச் சில நாள் முன்புதான் டெல்லி உயர் நீதிமன்றம் வேறொரு ஊழல் வழக்கில், பெரிய ஊழலும் பொதுப் பாதுகாப்புக்குள் வரும் என்று மாற்றிச் சொல்லியிருந்தது. இந்த மாதிரிக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் சட்டத்தின் வாசகம் தெளிவாக இருக்க வேண்டும் என்பது.

மற்றவற்றை ஒவ்வொரு வரியில் எழுதினால் போதும். பொருந்தாத முகத்தின் படம் அன்றைக்கே அழிய வேண்டும். எத்தனை பேரைக் கண்காணித்தார்கள் என்ற எண்ணிக்கை வருஷத்துக்கு ஒருமுறை சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். விதியை மீறி எடுத்தது சாட்சியாகச் செல்லாது என்று சட்டமே சொல்ல வேண்டும், ஏனென்றால் திருட்டுத்தனமாக எடுத்த சாட்சியையும் ஏற்கும் பழக்கம் நம் நீதிமன்றங்களில் எழுபதுகளிலிருந்து இருக்கிறது. 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை யாராவது காட்டினால் 17ஆம் பிரிவைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள், குற்ற விசாரணைக்கும் அரசு அறிவிக்கும் அமைப்புகளுக்கும் அதில் விலக்கு இருக்கிறது.

ஒரு திருத்தம். எம்.பி.யிடம் மட்டும் போனால் பாதி வேலைதான் நடக்கும். அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணைப்படி காவல்துறையும் பொது ஒழுங்கும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன, தொலைத்தொடர்பு மத்தியப் பட்டியலில். எனவே போன் ஒட்டுக்கேட்பைப் பற்றிய மனு எம்.பி.க்கு, ரோட்டில் முகம் பிடிப்பதைப் பற்றிய மனு எம்.எல்.ஏ.வுக்கு. இரண்டு மனுவாகப் போடுங்கள். ஒன்றாகக் கலந்து கொடுத்தால் அவர் இவரைக் காட்டுவார், இவர் அவரைக் காட்டுவார். எழுதும் வேலையை உங்கள் மகளிடமே விடுங்கள், மச்சினரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு. ஸ்டேஷனில் எது நடக்கும், எது நடக்காது என்று அவருக்குத்தான் தெரியும்.

மறுபடி ரோட்டில் படம் எடுத்தால் சண்டை போட வேண்டாம். ஒன்றரை மணி இருட்டில் சட்டம் பேசி ஜெயித்தவர் யாரும் இல்லை, காய்தான் வாடும். பேட்ஜில் இருக்கும் பெயரையும், இடத்தையும், நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த நாள் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்த எல்லைக்குரிய காவல்துறைப் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமை மனு அனுப்புங்கள். எந்தச் சட்டப் பிரிவின்படி என் படம் எடுக்கப்பட்டது, எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, எத்தனை நாள் வைக்கப்படும், யார் யார் பார்க்கலாம் என்று நான்கே கேள்வி. 30 நாளில் பதில் வர வேண்டும். விசாரணைக்கு இடைஞ்சல் என்று மறுத்தால், உங்கள் மேல் என்ன விசாரணை என்று கேட்டு மேல்முறையீடு போடுங்கள். போன மாதம் நடந்ததற்கும் இப்போதே அனுப்பலாம். ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள், ரசீதையும் போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியையும் பத்திரமாக வையுங்கள்.